மூர் மார்க்கெட்டுக்கு ஒரு பக்கம் உண்டு, முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு?

காரைக்குடி போறவங்க பெரிய வீடுகளைப் பார்த்துட்டு, ஒரு கட்டு கட்டிட்டு, அடுத்து போற இடம் முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகள் இருக்கிற தெரு அது. தேக்குத் தூண், எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம்னு செட்டிநாட்டு வீடுகளோட சாமான் எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும்.

ஒரு கேள்வி. இந்தக் கடைகள் எல்லாம் ஒருநாள் மூடிட்டா, கலைக்களஞ்சியத்துல இந்தத் தெருவுக்கு ஒரு கட்டுரை இருக்கணுமா? "இல்லாமப் போன கடைத்தெருவுக்கு எதுக்குப்பா?"ன்னு தோணலாம். பதில் தேட, சென்னைக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம்.

சென்ட்ரல் பக்கத்துல இருக்கிற புறநகர் ரயில் நிலையத்துக்குப் பேரு மூர் மார்க்கெட் வளாகம். மார்க்கெட் எங்கேன்னு கேட்டா, அது இருந்த இடத்துலதான் நிலையமே நிக்குது. 1898-ல் ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக் அடிக்கல் நாட்டி, 1900-ல் திறந்த சந்தை. மாநகராட்சித் தலைவரா இருந்த ஜார்ஜ் மூர் பேரை வச்சாங்க. நடுவுல முற்றம், சுத்தி வளைவுகள், செங்கல் சிவப்பு. பின்னாள்ல பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, வளர்ப்புப் பறவைன்னு எது வேணும்னாலும் நடந்தே சுத்தி வாங்கலாம். 1985 மே 30-ல் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு.

விக்கிப்பீடியா விதிப்படி, ஒரு விஷயம் இப்போ இருக்கா இல்லையாங்கிறது கணக்கே இல்லை. சம்பந்தமில்லாத, நம்பத்தகுந்த ஆட்கள் அதைப் பத்தி விரிவா எழுதியிருக்காங்களா? அதுதான் கேள்வி. ஒருமுறை தகுதி வந்துட்டா, மூடினாலும் போகாது. மூர் மார்க்கெட் இதுல சுலபமா தேறிடும். ஆளுநர், மாநகராட்சி, கட்டடம், தீ விபத்துச் செய்தின்னு எல்லாத்துக்கும் காகிதம் இருக்கு.

நம்ம தெருவுக்கு அடிக்கல் நாட்டு விழா எதுவும் நடக்கலை. பயணக் குறிப்புகள்ல பெரும்பாலும் "இங்கே பழம்பொருள் கிடைக்கும்"னு ஓரிரு வரிதான். ஆனா அந்தத் தூண் எப்படி அங்கே வந்துச்சுன்னு யோசிங்க. நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கைன்னு வட்டித் தொழில் பண்ணி, தேக்கு கொண்டுவந்து வீடு கட்டினாங்க. இரண்டாம் உலகப் போர் வந்துச்சு, 1960-களில் பர்மா அரசு தொழில்களை நாட்டுடைமை ஆக்குச்சு. வருமானம் போச்சு. பங்காளிகள் நிறைய, பராமரிப்புச் செலவு அதிகம். சில வீடுகளை இடிச்சாங்க, தூணும் கதவும் கடைக்கு வந்துச்சு. ஒரு கடல் கடந்த வியாபாரம் முடிஞ்ச கதையோட கடைசிப் பக்கம் இந்தத் தெரு. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல சேர்ந்தாச்சு. அங்கிருந்து பிரிஞ்சு வந்த துண்டுகள் விலைபோன தெருவும் அதே வரலாறுதானே?

அதனால என் பதில்: கட்டுரை இருக்கணும். ஆனா சிக்கல் ஒண்ணு இருக்கு. நாளைக்கே நீங்க உட்கார்ந்து விக்கியில எழுதினா, "ஆதாரம் எங்கே?"ன்னு கேட்பாங்க. "எங்க தாத்தா சொன்னாரு"ன்னா ஒத்துக்க மாட்டாங்க. அந்த விதி சரியானதுதான். அப்போ முதல் வேலை கட்டுரை இல்லை, ஆதாரம். கடைக்கார ஐயாகிட்ட உட்கார்ந்து, எந்த வருஷம் கடை போட்டாரு, முதல்ல என்ன சாமான் வந்துச்சுன்னு கேட்டு, ஒரு பத்திரிகையிலயோ புத்தகத்துலயோ அச்சுல கொண்டு வரணும். கடைகள் திறந்திருக்கும்போதே.

அடுத்த தடவை காரைக்குடி போனா, விலை பேசுறதுக்கு முன்னாடி கதை கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.