வழிப்போக்கரின் உரிமை

தென்பெண்ணைக் கரையிலுள்ள நமது திருக்கோவிலூர், மலையமான்கள் ஆண்ட பழம்பதி. ஊருக்குத் தெற்கே, சேலத்தையும் உளுந்தூர்பேட்டையையும் கள்ளக்குறிச்சி வழியாக இணைக்கிறது 79ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. முன்னர் அதன் எண் 68.

1540 முதல் 1545 வரை தில்லியில் ஆட்சி புரிந்த ஷேர்ஷா சூரி, வங்காளத்திலிருந்து சிந்து நதி வரை சென்ற பெருவழியைச் சீரமைத்தார். இருமருங்கிலும் நிழல் மரங்கள், கிணறுகள், சராய்கள். அச்சராய்களில் முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் உணவும் நீரும் வழங்கப்பட்டன.

ஸகாத் பெறும் எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் சேர்க்கிறது திருக்குர்ஆன் (9:60). பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். இன்றைய வழிப்போக்கர் நம்மிடம் வேண்டுவது சராய் அன்று, உயிருக்குப் பாதுகாப்பு. கட்டுக்கடங்கா வேகத்தில் வண்டி ஓட்டுபவர், தாமே பாதையின் தொல்லையாகிறார். நம் பிள்ளைகளிடம் வாகனச் சாவியைக் கொடுக்குமுன் இதனைச் சொல்லிக் கொடுப்போம்.