ஜெய் ஹிந்த்: ஒரு படை வணக்கத்தின் வரலாறு

ஜெய் ஹிந்த் என்பது இந்தியப் படைகளிலும் தேசிய மாணவர் படையிலும் வழங்கும் வணக்கச் சொல். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில், அந்நாட்டுத் தரைப்படையின் சீருடை அணிந்திருந்த இந்தியர்களிடையே இது முறையான வணக்கமாகப் புழக்கத்துக்கு வந்தது. அங்கிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் ஆசியாவுக்கு வந்தவர்களோடு வந்து, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பல்லாயிரம் தமிழரின் வாய்ச்சொல்லாயிற்று. இந்த வரலாற்றில் மலாயாத் தோட்டத் தொழிலாளர்களுக்கு உரிய இடம் பெரும்பாலான நூல்களில் கிடைக்கவில்லை. அதனால் அப்பகுதி இங்கே சற்று விரிவாகவே சொல்லப்படுகிறது.

ஜெர்மானியப் படையில் வணக்க முறை

நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகும் ஜெர்மானியப் படை தன் பழைய வணக்கத்தை உடனே விட்டுவிடவில்லை. தொப்பி அணிந்த வீரர் வலக்கையை மடக்கி, விரல் நுனிகளைத் தொப்பி விளிம்பருகே கொண்டுவருவதே வழக்கம். தலையில் தொப்பி இல்லாதபோதும் வேறு சில தருணங்களிலும் மட்டும் கையை முன்னே நீட்டும் கட்சி வணக்கம். இப்படி இரண்டு முறைகள் பத்தாண்டுக்கும் மேலாக அருகருகே இருந்தன. 1944 ஜூலை 20 அன்று படை அதிகாரிகள் சிலர் ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொல்ல முயன்று தோற்றார்கள். நான்கே நாளில், ஜூலை 24 முதல், கட்சி வணக்கம் படை முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்டது. கையை உயர்த்தும் விதம் அந்தப் படையில் விசுவாசச் சோதனையாக மாறியது அப்போதுதான். அந்த வணக்கத்தோடு உச்சரிக்கப்பட்டது ஒரு தனிமனிதரின் பெயர்.

பெர்லினில் பிறந்த சொல்

சுபாஷ் சந்திர போஸ் 1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக்காவலிலிருந்து தப்பி, காபூல், மாஸ்கோ வழியாக ஏப்ரல் தொடக்கத்தில் பெர்லின் சேர்ந்தார். அவர் அமைத்த சுதந்திர இந்திய மையம் 1941 நவம்பர் 2 அன்று கூடியது. ஜன கண மன தேசிய கீதம், நேதாஜி என்ற பட்டம், ஜெய் ஹிந்த் என்ற வணக்கம் ஆகிய மூன்றும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்தே பேசப்படுகின்றன. மையத்தின் ஆசாத் ஹிந்த் வானொலி ஒலிபரப்பிய மொழிகளில் தமிழும் ஒன்று.

வட ஆப்பிரிக்கப் போர்முனையில் சிறைபிடிக்கப்பட்ட பிரிட்டிஷ் இந்திய வீரர்களைக் கொண்டு ஒரு படை திரட்டுவது போஸின் திட்டம். 1941 இறுதியில் பத்துப் பதினைந்து பேரோடு சாக்சனியில் உள்ள பிராங்கன்பெர்க் முகாமில் பயிற்சி தொடங்கியது. ஆட்கள் பெருகி, ஜெர்மானியத் தரைப்படையின் 950ஆம் காலாட்படை ரெஜிமெண்ட் ஆனது. தோளில் மூவர்ணப் பட்டை, அதில் பாயும் புலி.

வணக்கச் சிக்கல் எழுந்தது இங்கேதான். பிரிட்டிஷ் இந்தியப் படை சாதி, மத வாரியாகக் கம்பெனி பிரித்து வைத்திருந்த படை. ராஜபுத்திரர் ஒரு கம்பெனி, சீக்கியர் ஒரு கம்பெனி, முஸ்லிம்கள் ஒரு கம்பெனி என்பதுதான் ஏற்பாடு, அடுப்புகூடத் தனித்தனி. சீக்கியர் ‘சத் ஸ்ரீ அகால்’ என்பார், முஸ்லிம் ‘ஸலாம் அலைக்கும்’ என்பார், ராஜபுத்திரர் ‘ஜெய் ராம்ஜி கீ’ என்பார். போஸ் இவர்களைக் கலந்து ஒரே பிரிவில் வைத்தார், ஒரே பந்தியில் உட்காரவைத்தார். அப்படிக் கலந்த பிறகு, எதிரே வருபவர் எந்த மதம் என்று பார்த்து வணக்கம் சொல்ல வேண்டியிருந்தால் கலந்ததன் பயன் பாதிதான்.

விடை கண்டவராகக் குறிப்பிடப்படுபவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த அபித் ஹசன். பொறியியல் படிக்க ஜெர்மனிக்குப் போனவர், படிப்பை விட்டுவிட்டு போஸின் செயலராகச் சேர்ந்தவர். ஹைதராபாத் எழுத்தாளர் நரேந்திர லூதர் பதிவு செய்துள்ளபடி, ராஜபுத்திர வீரர்களின் ‘ஜெய் ராம்ஜி கீ’ என்ற ஓசை ஹசனுக்குப் பிடித்துப்போயிற்று. ராமர் பெயர் இருந்த இடத்தில் நாட்டின் பெயரைப் போட்டு ‘ஜெய் ஹிந்துஸ்தான் கீ’ என்றார்; அது நீளமாக இருக்க, ஜெய் ஹிந்த் என்று சுருக்கினார். எந்த மதத்தவரும் தயங்காமல் சொல்லக்கூடிய வணக்கத்தைத் தேடித் தந்தவர் ஒரு முஸ்லிம் இளைஞர். இன்று இந்தச் சொல்லுக்கு மதச் சாயம் பூச நினைப்பவர்களும், அந்தச் சாயத்தை நம்பி இதை ஒதுக்குபவர்களும் இந்தச் செய்தியைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

சொல் புதிதாயினும் படை ஜெர்மானியருடையது. உள்ளங்கை வெளியே தெரியும்படி சல்யூட் அடித்துப் பழகிய பிரிட்டிஷ் இந்தியப் படைவீரர்கள் ஜெர்மானியப் பயிற்சிக்கு மாறினார்கள். 1942இல் எடுத்த உறுதிமொழியில், போஸைத் தலைவராகக் கொண்ட இந்திய விடுதலைப் போரில் ஹிட்லருக்குக் கீழ்ப்படிவதாகவும் சொல்ல வேண்டியிருந்தது. போஸ் புறப்பட்டுப் போனபின் தலசேரிக்காரரான ஏ. சி. என். நம்பியார் மையத்தை நடத்தினார். 1943இல் ரெஜிமெண்ட் நெதர்லாந்துக்கும், பிறகு பிரான்சின் அட்லாண்டிக் கரைக்கும் அனுப்பப்பட்டது. 1944 ஆகஸ்டில் அது நாஜிகளின் ஆயுதப் படையான வாபென் எஸ்எஸ் பிரிவின்கீழ் மாற்றப்பட்டது. பின்வாங்கும் வழியில் பிரெஞ்சு மக்களிடம் அத்துமீறியதாக அதன் வீரர்கள்மீது குற்றச்சாட்டுகள் உண்டு. விடுதலை வேட்கை உண்மையானது. தேர்ந்தெடுத்த கூட்டாளி கொடியவன் என்பதும் அதே அளவு உண்மை. தலைவனின் பெயரைச் சொல்லி வணங்கிய நாட்டில்தான் மண்ணின் பெயரைச் சொல்லி வணங்கும் சொல் உருவானது என்பது கவனிக்கத்தக்கது.

மலாயா: சைக்கிளும் சல்யூட்டும்

1943 பிப்ரவரியில் போஸும் அபித் ஹசனும் கீல் துறைமுகத்தில் யு-180 என்ற நீர்மூழ்கியில் ஏறினார்கள். ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகு மூலம் ஜப்பானின் ஐ-29க்கு மாறி, மே மாதம் சுமத்ராவை ஒட்டிய சபாங் தீவில் இறங்கினார்கள். ஜூலை 5 அன்று சிங்கப்பூர் பாடாங் திடலில், இந்திய விடுதலைக்காக அங்கே திரட்டப்பட்டிருந்த இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் போஸ் பார்வையிட்டார். அந்தப் படைக்கும் ஜெய் ஹிந்த் வணக்கமாயிற்று. மலாயாவில் புதிதாகப் பெயர் கொடுத்த குடிமக்களில் பெரும்பாலோர் தமிழர், அவர்களிலும் பலர் ரப்பர் தோட்டத்து ஆட்கள்.

தோட்டத்தில் வணக்கம் என்றால் என்ன பொருள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த மாற்றம் புரியும். வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ (தோட்ட அலுவலக எழுத்தர்) எதிரே வந்தால், சைக்கிளில் போகும் தொழிலாளி இறங்கிவிட வேண்டும். அவர் கடந்து போகும்வரை ஏறக் கூடாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடு, சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. போராட்டத்தில் முன்னின்றவர் ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். அவரைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். எழுந்த கிளர்ச்சியை ராணுவத்தை இறக்கி ஒடுக்கினார்கள்.

இரண்டே ஆண்டு கழித்து அதே தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார்கள். பதிலுக்கு மேலதிகாரியும் சல்யூட் அடித்தார், அதே ஜெய் ஹிந்தைச் சொன்னார். ஒருவர் இறங்கி நிற்க மற்றவர் கடந்து போவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! ராணுவ சல்யூட் பதவிக்குக் கட்டுப்பட்டதுதான், ஆனால் பதில் வணக்கம் அதில் கடமை. தோட்டத்து வணக்கத்தில் அந்தப் பதிலுக்கே இடமில்லை. என் கணிப்பில் ஜெய் ஹிந்த் தமிழரிடம் இவ்வளவு வேகமாகப் பற்றிக்கொண்டதற்கு வானொலியோ மேடைப் பேச்சோ அல்ல, இந்தப் பதில் வணக்கமே முதல் காரணம்.

பெண்களுக்கும் இது பொருந்தும். 1943 ஜூலை 12 அன்று சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் 20 பெண்களைத் திரட்டி, துப்பாக்கி ஏந்தி போஸுக்கு அணிவகுப்பு மரியாதை அளிக்கச் செய்தார். அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில், மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதிலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே மிகுதி. கோலாலம்பூர் ஜானகி தேவர் பதின்வயதில் சேர்ந்து, படையின் இரண்டாம் நிலைத் தலைவராக உயர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் மலேசிய நாடாளுமன்ற மேலவையில் அமர்ந்தார். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் கத்தியைப் பிடித்த கை சல்யூட் அடிக்க, எதிரே நின்ற ஆண் அதிகாரிகள் அதை ஏற்றுப் பதில் செய்தார்கள்.

இந்தியாவில்

1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர்மீதும் ராணுவ வழக்கு தொடங்கியபோது, ஜெய் ஹிந்த் தெருவுக்கு வந்தது. பம்பாயில் தல்வார் கடற்படைத் தளத்தின் சுவர்களில் மாலுமிகள் அதை எழுதினார்கள். 1946 பிப்ரவரி 18 அன்று அங்கேதான் கடற்படை எழுச்சி தொடங்கியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் அஞ்சல்தலை 1947 நவம்பர் 21 அன்று வெளியானது. விலை மூன்றரை அணா. தேசியக் கொடியின் படத்தோடு ஜெய் ஹிந்த் என்று பொறித்திருந்தது. அதே மாதம் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்குக் காந்தி அனுப்பிய பின்னல் துணியின் நடுவிலும் அந்தச் சொல்லே இருந்தது. அதற்கான நூலை நூற்றவர் காந்தியே.

ஆனால் அதைச் சொல்லிப் போரிட்ட தேசிய ராணுவ வீரர்களை விடுதலை இந்தியா தன் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. சொல்லை ஏற்று, சொன்னவரை விலக்கியது நியாயமல்ல.

செண்பகராமன் பிள்ளை

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை உருவாக்கியவராகப் பலர் அறிந்திருப்பது ‘ஜெய்ஹிந்த்’ செண்பகராமனைத்தான். 1891இல் திருவனந்தபுரத்தில் நாஞ்சில் நாட்டு வேர்கொண்ட தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சூரிச்சிலும் பெர்லினிலும் இந்திய விடுதலைக்காக வேலை செய்தவர். 1915இல் காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் அமைத்த இடைக்கால அரசில் வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டவர். 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையைச் சுட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனில் அவர் இருந்தார் என்ற கதையை ஏற்க இயலாது, அப்போது அவர் ஐரோப்பாவில் இருந்தார். ஜெய் ஹிந்த் முழக்கத்தை அவர் முன்பே பயன்படுத்தினார் என்ற கூற்று அப்படித் தள்ளக்கூடியதல்ல; ஒரே ஊரில் இயங்கிய இரண்டு தலைமுறைப் புரட்சியாளர்களிடையே சொற்கள் கைமாறுவது இயல்பு. எனினும் அவர் 1934இலேயே காலமானார். படை வணக்கமாக இதை அமைத்தது 1941இலும் அதற்குப் பின்னும் வந்தவர்களே என்பதில் ஐயமில்லை.

அவருடைய அஸ்தியை மனைவி லட்சுமிபாய் 30 ஆண்டுக்கும் மேலாகக் காத்துவந்தார். 1966இல் ஐஎன்எஸ் டெல்லி போர்க்கப்பல் அதைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. சென்னை காந்தி மண்டப வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அடையாறு, கிண்டிப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.