புகைமூட்டத்தின்போது வீட்டுக்குள் காற்று: அறிய வேண்டியவை

2005 ஆகஸ்ட் 11-ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு (ஐபியு) 500-ஐத் தாண்டியது. அரசாங்கம் அவசரநிலையை அறிவித்தது. மேரு, காப்பார் வட்டார மக்களில் பலருக்கு அந்த நாட்கள் இன்னும் நினைவிருக்கும். சுமத்ராவில் கரிமண் நிலங்கள் எரியும்போது, தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் புகையை இங்கே கொண்டு வருகிறது. நம் ஜொஹான் செத்தியாவிலும் கரிமண் நிலம் தீப்பிடிப்பதுண்டு.

எது ஆபத்து?
புகையில் உள்ள பிஎம் 2.5 எனும் நுண்துகள்தான். அதன் அளவு 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்போகாது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை போய், இரத்தத்திலும் கலக்கும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் அதிகம் பாதிக்கப்படுவர்.

ஐபியு அளவு
0–50 நன்று, 51–100 மிதமானது, 101–200 ஆரோக்கியமற்றது, 201–300 மிகவும் ஆரோக்கியமற்றது, 300-க்கு மேல் ஆபத்தானது. சுற்றுச்சூழல் துறையின் அகப்பக்கத்தில் மணிக்கு மணி பார்க்கலாம். நுண்துகள் கணக்கு 24 மணி நேரச் சராசரி என்பதால், திடீரெனப் புகை கூடினால் எண் மெதுவாகத்தான் ஏறும். கண் எரிந்து, புகை வாடை வந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கதவை மூடினால் போதுமா?
போதாது. பலகை வீட்டு இடுக்குகள், கூரை இடைவெளி, ஜன்னல் கண்ணாடிச் சட்டங்கள் வழியே நுண்துகள் உள்ளே வரும். வீடு முழுவதையும் காப்பது கடினம். ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, கதவடியில் ஈரத்துணி வைத்து, குழந்தைகளையும் முதியவர்களையும் அங்கே இருக்க வையுங்கள். ஏர்கோன் குளிரூட்டுமே தவிர, அதன் சாதாரண வலை நுண்துகளைப் பிடிக்காது. வசதி இருந்தால் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும்.

உள்ளே எழும் புகை
மூடிய வீட்டில் கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, சிகரெட் எல்லாம் நுண்துகளைக் கூட்டும். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடான நுண்துகள் வெளிப்படும் என 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த நாட்களில் கொசுவலை மேல். சாமிக்கு விளக்கேற்றுங்கள், சாம்பிராணியைச் சில நாள் தள்ளிவைக்கலாம். பொரிப்பதைக் குறைத்து அவித்துச் சமையுங்கள். தரையைக் கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

வெளியே போகிறவர்களுக்கு
துணி முகக்கவசம் நுண்துகளைச் சரிவரத் தடுக்காது. முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 வேண்டும். காரில் காற்றை உள்ளேயே சுழலவிடுங்கள். புகை தணிந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்து வீட்டுக் காற்றை மாற்றுங்கள்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாவது ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் 999-ஐ அழையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் தீருமுன்பே கிளினிக்கில் வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.