பேரேட்டின் பிள்ளை

தை பிறப்பதற்குள் என்னுடைய நாட்குறிப்பு நின்றுபோவது வருஷந்தோறும் தவறாமல் நடந்துவருகிற ஒரு வைபவம். ஜனவரி முதல் தேதியன்று யாரேனும் ஒரு நண்பர் அன்போடு கொடுக்கும் டைரியில், காப்பி சாப்பிட்டதையும், வந்தவர் போனவரையும், மனத்தில் தோன்றிய இரண்டொரு தத்துவங்களையும் அழகான கையெழுத்தில் எழுதத் தொடங்கி, பத்து நாட்களுக்குள் எழுதுவதற்கு விசேஷமாக ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்து, மிச்சமுள்ள பக்கங்களைச் சலவைக் கணக்குக்கு விட்டுவிடுவது என் சம்பிரதாயம். அந்தச் சலவைக் கணக்கு மட்டும் டிசம்பர் 31 வரையில் ஒழுங்காக நடந்துவிடும். அது ஏன் என்று நான் யோசித்ததில்லை. போன கோடையில், வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோதுதான் யோசிக்க நேர்ந்தது.

பரணிலிருந்து இறங்கியவற்றுள் என் பாட்டனாருடைய கணக்கு நோட்டுகள் பதினெட்டு இருந்தன. சிவப்புத் துணி ஒட்டிய நீளமான நோட்டுகள். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் பிள்ளையார் சுழி, அதன் கீழ் வருஷம், மாதம், தேதி. பிறகு வரவும் செலவும். பிரமாதி வருஷத்து ஐப்பசியில் ஒரு பக்கத்தில், உப்பு புளிச் செலவுகளுக்கு நடுவே, 'சாத்துக்குடி 6' என்று இருந்தது. அதற்கு அடுத்த வரி, டாக்டர் வந்துபோன வண்டிச் சத்தம். மறுநாள் 'சாத்துக்குடி 4'. அதற்கு மறுநாள் 'சாத்துக்குடி 2', மீண்டும் வண்டிச் சத்தம். நான்காம் நாள் பக்கத்தில் சாத்துக்குடி இல்லை. 'தந்தி 4, பச்சை மூங்கில், கயிறு, புதுச்சட்டி' என்று இருந்தது. என் கொள்ளுப்பாட்டியின் மரணத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எழுத்து வடிவில் இருக்கிற சாசனம் அந்த நான்கு பக்கங்கள்தாம். தாயை இழந்த அன்றைக்கும் அவருடைய கையெழுத்து ஒரு சுழிகூடப் பிசகவில்லை; அணா, பைசா கூட்டலும் சரியாகவே இருந்தது.

அந்த நோட்டுகளை ஒரு வாரம் மடியில் வைத்துக்கொண்டு படித்தபின், தமிழில் நாட்குறிப்பு என்ற வழக்கம் எங்கே பிறந்தது என்பதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டது. அது கவிதையின் வயிற்றிலோ, பக்தியின் வயிற்றிலோ பிறக்கவில்லை; கணக்கின் வயிற்றிலே பிறந்தது.

நம் முன்னோர்கள் எழுதாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அரசர்கள் தங்கள் வெற்றிகளை மெய்க்கீர்த்தியாகக் கோயிற் சுவர்களில் வெட்டுவித்தார்கள். நிலத்தின் நான்கெல்லையையும், ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் விட்ட தர்மத்தையும் கல்லிலே பொறித்து, அதைக் காப்பவர்களின் பாதத்தைத் தலைமேல் வைத்துக்கொள்வதாகவும் எழுதிவைத்தார்கள். புலவர்கள் தங்களை ஆதரித்தவர்களின் கொடையையும், ஆதரிக்காதவர்களின் குணத்தையும் பாடி வைத்தார்கள். ஆனால் ஒரு மனிதன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் யாரைச் சந்தித்தான், என்ன பேசினான், எதற்காக மனம் நொந்தான் என்பதை எழுதுவதற்கு இந்த ஏற்பாடுகளில் எங்குமே இடமிருக்கவில்லை. கவிதை அதைப் பொருட்படுத்தவில்லை. கல்லில் வெட்டக் கூலி கட்டாது. ஓலையை வாரி எழுத்தாணி பிடிப்பதற்கு அது தக்க விஷயமென்று எவருக்கும் தோன்றவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஏட்டுக்குள் நுழைவதற்குத் திறந்திருந்த வாசல் கணக்கு ஒன்றுதான். கணக்கெழுதுகிறவனுக்கு நல்ல நாள், சாமானிய நாள் என்ற பேதம் கிடையாது. கொடுத்தாலும் வாங்கினாலும் எழுதியாகவேண்டும். இன்று எழுதாவிட்டால் நாளைக்கு ரொக்கம் இடிக்கும்.

அந்த வாசல் வழியாக நுழைந்து, தமிழுக்கு இருபத்தைந்து வருஷத்து வாழ்க்கையை வாரிக் கொடுத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர்; தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்து, பிரெஞ்சுக் கும்பினியோடு வர்த்தகம் செய்தார். அந்தச் சிநேகம் சுகமாக மட்டும் இருக்கவில்லை. தாய்மாமனாகிய நைனியப் பிள்ளை கும்பினியின் தலைமைத் துபாஷியாக உயர்ந்து, துரைமார்களின் பகைக்கு ஆளாகிச் சிறையிலே உயிர்விட்டதை அந்தக் குடும்பம் கண்ணாலே கண்டிருந்தது. கும்பினியின் தயவை எவ்வளவு நம்பலாம் என்ற பாடத்தைப் பாலபருவத்திலேயே கற்ற ஒருவர், பின்னாளில் ஒவ்வொரு துரையும் எந்தத் தேதியில், எத்தனை நாழிகைக்கு, யார் முன்னிலையில், என்ன சொன்னார் என்று குறித்துவைப்பதில் அக்கறை கொண்டது ஆச்சரியமில்லை.

துணி வர்த்தகமும் பாக்கு வர்த்தகமும் அவருக்கு இருந்தன. பரங்கிப்பேட்டையிலிருந்த கும்பினியின் சாலையை இளவயதிலேயே பார்த்துக்கொண்டார். 'ஆனந்தப்புரவி' என்று சொந்தமாக ஒரு கப்பலும் ஓட்டினார். 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி, நள வருஷத்து ஆவணியில், தாம் கேட்டதையும் கண்டதையும், கப்பல்கள் வருவதையும் போவதையும் எழுதிவைக்கப் போவதாக அவர் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. தியூமா குவர்னராக இருந்த காலம். 1742-இல் துய்ப்ளே வந்தார். அவருடைய காலத்திலே பிள்ளை தலைமைத் துபாஷியானார். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவன் என்று அகராதி அர்த்தம் சொல்லும். காரியத்தில் அவன் இரண்டு உலகத்துக்கும் நடுவே நின்று, இந்தப் பக்கத்துக் கோபத்தை அந்தப் பக்கத்துக்கு மரியாதையாக மொழிபெயர்த்து, இரண்டு பக்கத்துச் சந்தேகத்தையும் தன் தலையிலே ஏற்றுக்கொள்கிறவன். பகலெல்லாம் பிறருடைய வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகிற அப்படிப்பட்டவன், தன் வார்த்தையைச் சொல்லிக்கொள்வதற்கு ஏடு ஒன்றுதானே இருக்கிறது?

அந்த ஏட்டின் உருவத்தைப் பார்த்தாலே அதன் குலம் தெரிந்துவிடும். ஒவ்வொரு நாளும் வருஷம், மாதம், தேதி, கிழமையோடு தொடங்கும். பழைய கணக்குகளில் வருஷத்துக்கு ௵ என்றும், மாதத்துக்கு ௴ என்றும், தேதிக்கு ௳ என்றும் குறியிடுவது வழக்கம். அதே குடும்பத்தில் பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்ற குறிகளும் உண்டு. காலத்துக்கும் காசுக்கும் ஒரே அச்சில் வார்த்த இந்தக் குறிகளோடு வளர்ந்த ஒரு வர்த்தகரின் கண்தான் அந்த நாட்குறிப்பு முழுவதும் விழித்திருக்கிறது. ஒரு நவாபின் தூதன் வந்தால், அவனுக்குக் கோட்டையில் எத்தனை பீரங்கி போட்டார்கள் என்பதை, மூட்டைகளை எண்ணி இறக்குகிறவனைப்போல எண்ணி எழுதுகிறார். வெகுமானம் வந்தால் அதன் கிரயம் இன்னதென்று மதிப்புப் போடுகிறார். யார் யாரைப் பற்றி யாரிடம் கோள் சொன்னார்கள் என்பதும், சோதிடர் சொன்ன பலனும், தம்முடைய நல்ல காலம், பொல்லாத காலமும் ஒன்றுவிடாமல் பதிவாகின்றன. துய்ப்ளேயின் மனைவியைப் பற்றி அவர் எழுதியிருப்பதை அந்த அம்மாள் படித்திருந்தால், நைனியப் பிள்ளை போன இடத்துக்கே இவரும் போயிருப்பார்.

உலக சரித்திரமும் அந்த வீதி வழியாகத்தான் போயிற்று. 1746-இல் லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தது, 1748-இல் பாஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது, 1750-இல் நாசர் ஜங் கொல்லப்பட்டபின் துய்ப்ளேயின் செல்வாக்கு உச்சத்துக்கு ஏறியது, 1754-இல் அதே துய்ப்ளே திருப்பியழைக்கப்பட்டுக் கப்பலேறியது எல்லாம் இடம்பெறுகின்றன. ஆனால் சரித்திர புஸ்தகத்தில் ஒரு வரியாக நிற்கும் சங்கதி, இங்கே வாசற்படியில் நின்று மூச்சுவாங்குகிறது. 1748 முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள்ளே பதவியில் இருந்தவர் பிள்ளை. கோயிலை இடிக்க உத்தரவு கொடுத்ததும் அதே கோட்டை. யார் ஓடிவந்து சொன்னார்கள், ஊர்ப் பெரியவர்கள் எப்படித் தயங்கினார்கள், யாருடைய தூண்டுதல் இது என்பதையெல்லாம் வரிவரியாக எழுதிச் செல்லுகிற அந்தப் பக்கங்களில், தடுக்க முடியாத பதவியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் படுகிற வேதனையை, அவர் வேதனை என்று பெயர் சொல்லாத இடங்களிலும் உணரலாம்.

அவர் எழுதிய தமிழும் வீதித் தமிழ்தான். முசியே என்றும், கும்பினீ என்றும், துரை என்றும், சலாம் என்றும், கடற்கரைக்கு எந்தக் கப்பலில் எந்த வார்த்தை வந்திறங்கியதோ அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, பேசுகிறபடி எழுதியிருக்கிறார். இலக்கணப் புலவர் ஒருவர் அதைத் திருத்தியிருந்தால் நமக்கு ஒரு நல்ல வசனகாவியம் கிடைத்து, புதுச்சேரி தொலைந்துபோயிருக்கும். இவரை லண்டன் பெப்பீஸோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. பெப்பீஸ் 1660 முதல் 1669 வரையில் ஒன்பது வருஷம், பிறர் எளிதில் படிக்க முடியாத சுருக்கெழுத்தில் எழுதினார். நம்மவர் இருபத்தைந்து வருஷம் நேரெழுத்தில் எழுதினார். அந்த அந்தரங்கக் கூச்சம் நம்மவருக்கு இல்லாமற்போனதற்குக் காரணம், அதை அந்தரங்கமாக அவர் நினைக்காததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்குப் புஸ்தகத்தை யாராவது சங்கேத எழுத்தில் எழுதுவார்களா?

அவருடைய புகழைப் பாடுவதற்கு அவர் காலத்திலேயே கவிகள் இருந்தார்கள். தமிழில் தியாகராச தேசிகர் 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். வடமொழியில் சீனிவாச கவி 'ஆனந்தரங்க விஜய சம்பு' இயற்றினார். தெலுங்கில் கஸ்தூரி ரங்க கவி ஒரு சந்த நூலையே அவர் பெயரால் எழுதினார். மூன்று பாஷையில் அமரத்துவம் அடைய ஏற்பாடு செய்துகொண்ட பிரபு அவர். இன்று அந்த நூல்களின் பெயரைச் சொல்ல ஆராய்ச்சிக்காரர்கள் வேண்டியிருக்கிறது. யாரும் புகழ்வதற்காக எழுதாத அந்தக் குறிப்புகளோ, அவரைப் பல்லக்கிலிருந்து இறக்கி நம் திண்ணையில் உட்காரவைத்துவிட்டன.

1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிக்கொண்டிருந்த அதே நாட்களில், பிள்ளை காலமானார். வென்றவர்கள் ஊரையும் கோட்டையையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அவர் நடந்த நகரம் இப்படிக் கல்லும் மண்ணுமாய்ப் போனபின், அது முழுசாக நின்றது அவருடைய ஏடுகளில்தான். அவையும் எண்பத்தைந்து வருஷம் வம்சத்தாரின் வீட்டிலே உறங்கின. 1846-இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்துப் பிரதி செய்வித்தார். அரியேல் என்ற மற்றொருவர் எடுப்பித்த பிரதி பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரையில் பன்னிரண்டு பாகங்களாக இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியது 1948-இல். தமிழன் தன் அண்டை வீட்டுக்காரன் பேசியதை இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்து, நாற்பத்து நான்கு வருஷம் கழித்துத்தான் தமிழில் கேட்டான்! ஆனாலும் அந்த ஊரில் அந்தப் பழக்கம் அவரோடு அற்றுப்போகவில்லை. அவருடைய வம்சத்தாரும் குறிப்பெழுதினார்கள். 1778 முதல் 1792 வரையில் இரண்டாம் வீரா நாயக்கர் எழுதிய குறிப்பும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

இவ்வளவையும் எண்ணிக்கொண்டே பாட்டனாருடைய நோட்டுகளைத் தூசி தட்டி அடுக்கினேன். அவர் எங்கெங்கே மேற்படிக் குறி போட்டிருக்கிறார் என்று பார்த்தேன். பாலுக்குப் போட்டிருக்கிறார், மோருக்கும் வெற்றிலைக்கும் போட்டிருக்கிறார். சாத்துக்குடிக்கு மட்டும் மூன்று நாளும் பெயரை முழுசாக எழுதி, எண்ணையும் எழுதியிருக்கிறார். வாழ்க்கையில் பெரும்பாலான நாட்கள் மேற்படி நாட்களே. அவற்றுள் எது மேற்படி ஆகாது என்பது, கையில் பேனாவோடு அன்றாடம் உட்காருகிறவனுக்குத் தானாகவே தெரிந்துவிடுகிறது போலும்.

அடுக்கி முடித்தபின், எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று நான் கைவிட்ட போன வருஷத்து டைரியையும் அதே அலமாரியில் வைப்பதற்காக எடுத்தேன்; எடுத்ததைப் புரட்டினேன். வாரந்தோறும் ஒரே பட்டியல்: வேட்டி 4, துண்டு 3, புடவை 3, தாவணி 3, தலையணை உறை 2. ஜூன் மாதத்து இரண்டாவது வாரம் வரையில் அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த வாரத்தில் ஜமக்காளம் 6 என்று ஒரு புது வரி. கல்யாணத்துக்கு வந்தவர்கள் படுத்தது. அதற்குப் பிறகு வேட்டி 4, துண்டு 3, புடவை 3, தலையணை உறை 1.