வள்ளுவமும் வானூர்தி வினையும்

நாளும் யான் ஓதும் பொருட்பாலைத் துணைக்கொண்டு, மொன்றியலோடு பிணைந்த, போர் விமானம் வாங்கும் ஓர் அரசியல் வினையை ஆராய்கிறேன்.

வலியறிதல்

தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்களை வள்ளுவப் பெருந்தகை 47 முதல் 50 வரை நிரல்பட வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆராய்ந்து, ஆற்றலை எடைபோட்டு, காலமும் களமும் தேர்ந்த பின்னரே வினை தொடங்கவேண்டும். 471ஆம் குறள், வினையின் வலி, தன் வலி, பகைவன் வலி என்பவற்றோடு துணையாவார் வலியையும் நிறுத்துப் பார்க்கப் பணிக்கிறது. பரிமேலழகர் அத்துணையை இருதிறத்தார்க்கும் துணையாவார் என விரித்துரைப்பார். நட்பையும் அளந்தே நம்புவது அரசநீதி. இனி, 68ஆம் அதிகாரத்தின் முதற்குறளோ, ஆய்வின் முடிவு துணிவென்றும், துணிந்தபின் காலந்தாழ்த்தல் தீதென்றும் எச்சரிக்கும். இவ்விரு குறள்களையும் ஒருசேர ஓதாத அமைச்சு இடர்ப்படும்.

கனடா கண்டது

மொன்றியல் கார்ட்டியர்வில் கனடேர் ஆலை 1950 முதல் 1958 வரை 1,815 சேபர் போர் விமானங்களைக் கட்டியது. வடிவமைப்பு அமெரிக்காவினது; பிந்திய வகைகளில் பூட்டிய ஒரெண்டா இயந்திரம் கனடாவின் சொந்தப் படைப்பு. துணைவலி கொண்டு தன்வலி வளர்த்த கூட்டுறவு அது.

அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத் திட்டத்தில் ஒட்டாவா அரசு 1997இல் ஒரு கோடி அமெரிக்க டொலரோடு நுழைந்து, 2002இல் 15 கோடி டொலருக்கு உடன்பட்டது. பங்காளி நாடாயினும் அதன் ஆலைகள் போட்டியிட்டே வேலை பெறவேண்டும் என்பது விதி. 2010இல் 65 விமானங்கள் வாங்குவதாக அறிவித்த அரசு, 2012இல் தலைமைக் கணக்காய்வாளரின் கண்டனத்தால் பின்வாங்கியது. 2023 சனவரியில்தான் 88 விமானங்கள், 1,900 கோடி கனடிய டொலர் என்ற முடிவு பிறந்தது. மதிப்பீடு 2,770 கோடியாக ஏறியதைக் கணக்காய்வாளர் 2025இல் சுட்டினார். அவ்வாண்டு மார்ச்சில் இக்கொள்முதல் பற்றிய மீளாய்வும் தொடங்கிற்று. சுவீடனின் சாப் நிறுவனம் கிரிப்பன் விமானத்தைக் கனடாவிலேயே கட்ட முன்வந்தது. அவ்விமானத்தின் இயந்திரமும் அமெரிக்கத் தொழில்நுட்பமே. துணையை மாற்றினாலும் துணைவலி ஆய்வு நீங்காது.

சூலூர்ப் பெருமை

துணைவலி அறுந்தபோது தன்வலி காட்டியதற்கு இந்தியா சான்று. அதன் 1998 அணுச்சோதனையை அடுத்து அமெரிக்கா தடைவிதிக்க, இந்தியப் போர் விமானமான தேஜசின் பறப்புக் கட்டுப்பாட்டுப் பணிக்குக் கிடைத்த உதவி அறுந்தது. இந்தியப் பொறியாளர்கள் தாமே அதை முடித்து 2001 சனவரி 4இல் வானேற்றினர். முதல் தேஜஸ் அணி 2018இல் கோவையை அடுத்த சூலூரில் நிலைகொண்டது தமிழ்மண் பெற்ற பேறு.

இளையோர்க்கு

போர்க்காலத்தில் பதுங்குகுழிக்குள் இருந்து போர் விமானத்தின் இரைச்சலைக் கேட்ட தலைமுறை மொன்றியல் தமிழராகிய நாம். ஆதலின் போர் விமானம் வாங்கும் வினையில் அறத்தையும் கணக்கையும் ஒருங்கே கேட்கும் கடமை நமக்கு உண்டு. எம் பிள்ளைகள் வானூர்திப் பொறியியலிலும் ஒட்டாவா அரசுப் பணியிலும் சிறக்கவேண்டும். முடிவெடுக்கும் அவைகளில் குறளறிவோடு அமரவேண்டும். வாழ்க வள்ளுவம்! வளர்க மொன்றியல் தமிழர்!