தேனீயும் அரமும்: ஒரு பிரெஞ்சுக் கத்தியின் கதை

கத்தியின் முதுகில் பூவேலை எதற்கு? ரொட்டி நறுக்கவோ பழம் வெட்டவோ அது துளியும் உதவாது. ஆனால் தெற்கு பிரான்சில், லாயோல் என்ற சிற்றூரின் மடக்குக் கத்திக்கு அந்த வேலைப்பாடுதான் முகவரி!

1829-ல் பியேர்-ழான் கால்மெல்ஸ் என்பவர் இக்கத்தியை முதலில் செய்ததாகச் சொல்கிறார்கள். வாங்கியவர்கள் விவசாயிகளும் மாடு மேய்ப்பவர்களும். 1840 வாக்கில் கூடவே ஒரு ஊசி சேர்ந்தது. மாட்டுக்கு வயிறு உப்பினால் குத்தி வாயுவை வெளியேற்ற! 1880 வாக்கில் ஒயின் பாட்டில் திறக்கும் திருகும் வந்தது.

அலங்காரம் முழு வடிவம் பெற்றது பிறகுதான். பிடியின் முதுகில் ஓடும் ஸ்பிரிங் பட்டையின் தலைப்பில் 1908-09 வாக்கில் தேனீ வந்து உட்கார்ந்தது. நெப்போலியன் தந்த பரிசு அது என்று கதை உண்டு. நெப்போலியன் இறந்தது 1821-ல். கத்தி பிறந்ததோ அதற்கு எட்டு வருடம் கழித்து! கதை எப்படிப் பொருந்தும்?

தேனீக்குக் கீழே பட்டை முழுக்க அரத்தால் அராவிய இலைகள், கொடிகள், முக்கோண வெட்டுகள். இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. வெட்டுகளில் அழுக்கு சேரும், ஆழமாக அராவினால் ஸ்பிரிங் அந்த இடத்தில் உடையலாம், விலைதான் ஏறும் என்பது ஒரு கட்சி. அதுவே செய்தவரின் கையெழுத்து என்பது மறு கட்சி.

இரண்டாவது கட்சிக்கு வரலாறே சாட்சி. 1993-ல் வெளியூர் வியாபாரி ஒருவர் 'லாயோல்' என்ற பெயரையே வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டார். ஊர் வழக்குப் போட்டது. 2012-ல் ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்ப் பலகையையே கழற்றி எதிர்ப்புக் காட்டினார்கள். 2019-ல்தான் பாரிஸ் நீதிமன்றத்தில் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதற்குள் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் தயாரான மலிவுக் கத்திகளும் அதே பெயரோடு சந்தையில் குவிந்துவிட்டன.

பெயரை யாரும் பொறிக்கலாம். தேனீயைத் தனியாகச் செய்து ஒட்டவைக்கலாம். எந்திரத்தில் அச்சடித்த வெட்டுகள் ஆயிரம் கத்தியிலும் ஒரே மாதிரி இருக்கும். கையால் அராவியதில் ஒரு இலை சற்றே சாய்ந்திருக்கும், ஒரு வெட்டு கொஞ்சம் ஆழமாக இருக்கும்.

வாங்குபவர் தரும் கூடுதல் பணம் அந்தச் சாய்வுக்குத்தான். அது வீண் செலவா என்ன?