முட்டை வடிவப் பந்தயப் பாதை

நாமக்கல் வட்டாரத்தில் இருப்போர்க்கு முட்டையின் வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருக்கும். அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்து டார்லிங்டன் என்னும் சிற்றூரில் உள்ள மோட்டார்ப் பந்தயப் பாதை இதே வடிவில் இருக்கிறது. எந்தப் பொறியாளரும் விரும்பித் தேர்ந்திருக்கக்கூடிய வடிவமன்று அது. அது எப்படி அமைந்தது, ஓட்டுநர்களை என்ன பாடுபடுத்தியது என்பதைக் காண்போம்.

முதலில் வளைவைப் பற்றிச் சிறிது. வளைவில் திரும்பும் வண்டிக்கு மையத்தை நோக்கிய விசை ஒன்று வேண்டும். சமதளச் சாலையில் அதை டயரின் உராய்வு மட்டுமே தருகிறது. சாலையின் வெளிவிளிம்பை உயர்த்திவிட்டால், வண்டியைத் தாங்கும் எதிர்விசையின் ஒரு கூறும் உட்பக்கமாகத் திரும்பி உதவிக்கு வருகிறது. வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரம், புவியீர்ப்பு முடுக்கம் இவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால், உராய்வின் உதவியே தேவைப்படாத சாய்கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். வகுப்பில் மாணவர்கள் இக்கணக்கை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பாடநூலில் வளைவும் ஒன்றே, வேகமும் ஒன்றே அல்லவா!

சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் வேகம் ஒன்றல்ல. கார் பறக்கிறது, வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஊர்ந்து வருகிறது. காருக்கென்று சாலையை மிகவும் சாய்த்துவிட்டால் அந்த லாரி உட்பக்கமாகக் கவிழ்ந்துவிடக்கூடும். ஆகவேதான் சமவெளிச் சாலைகளில் சாய்வு 100-க்கு 7 என்ற அளவைத் தாண்டக்கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கிறது. அது வெறும் 4 பாகை. எஞ்சியதற்கு உராய்வுதான் பொறுப்பு. மழை நாளில் வளைவில் வேகத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான்.

பந்தயப் பாதையில் ஊர்ந்து வரும் லாரிக்கு வேலையில்லை. சாய்வைத் தாராளமாக உயர்த்தலாம். 1907-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்துக்குக் காங்கிரீட்டில் சாய்தளம் எழுப்பினார்கள். நம் சோழவரத்தில் பல்லாண்டுகள் நடந்த பந்தயங்களுக்கு அந்த வசதி கிடையாது. அது போர்க்காலத்து விமான ஓடுதளம். நம் நாட்டில் பெரிய நீள்வட்டப் பாதை 2021-இல்தான் திறக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில், வாகனங்களைச் சோதிப்பதற்காக அமைந்த அதன் நீளம் 11.3 கிலோமீட்டர். அதன் வளைவுகள் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துக்கென வகுக்கப்பட்டவை. ஆரம் 1 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். சாய்கோணம் சுமார் 26 பாகை வரும். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை.

டார்லிங்டனில் இடம்தான் பிரச்சினை. ஹாரல்டு பிராசிங்டன் என்பவர் 1933-இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தைக் கண்டு, தம் ஊரிலும் அப்படியொன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1949-இல் ஷெர்மன் ராம்சே என்பவரிடம் நிலம் வாங்கினார். அந்த நிலத்தின் மேற்குக் கோடியில் சிறு மீன்கள் வளரும் குளம் ஒன்று இருந்தது. அதில் கை வைக்கக்கூடாது என்பது ராம்சேயின் நிபந்தனை. பிராசிங்டன் வாக்கை மீறவில்லை; பாதைதான் வளைந்துகொடுத்தது. குளத்தின் பக்கம் வளைவைக் குறுக்க நேர்ந்தது. குளம் பிழைத்தது, பாதை முட்டையாயிற்று.

1950 செப்டம்பர் 4 அன்று முதல் பந்தயம். 75 கார்கள், 500 மைல் தொலைவு. புதிய பாதையின் சொரசொரப்பில் டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழிந்தன. வேகமான கார்களெல்லாம் டயர் மாற்றுவதற்காக மீண்டும் மீண்டும் நிற்க வேண்டியிருந்தது. வென்றவர் ஜானி மான்ட்ஸ். தகுதிச் சுற்றில் மிக மெதுவாக ஓட்டித் தேறியவர்களுள் ஒருவர் அவர்! கடினமான ரப்பராலான லாரி டயர்களைத் தம் சிறிய பிளிமத் காருக்கு மாட்டிக்கொண்டு, நிதானமாக, சராசரியாக மணிக்கு 121 கிலோமீட்டர் வேகத்தில் ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார். அடுத்தவரைவிட 9 சுற்று முன்னே முடித்தார். லாரிகளுக்குப் பேர்போன நாமக்கல்லில் இதைக் கேட்டு யாரும் வியக்கப்போவதில்லை.

பிற்காலத்தில் பாதை பலமுறை திருத்தப்பட்டது. முட்டை வடிவம் மட்டும் போகவில்லை. இன்று அகன்ற முனையின் ஆரம் சுமார் 183 மீட்டர், சாய்வு 25 பாகை. குறுகிய முனையில் ஆரம் 160 மீட்டர், சாய்வு 23 பாகை. ஆரம் குறைந்த இடத்தில் சாய்வும் குறைவு என்பதைக் கவனியுங்கள். உராய்வின்றித் திரும்பத்தக்க வேகம் முதல் முனையில் மணிக்கு 104 கிலோமீட்டர், இரண்டாவதில் 93. கார்களோ இதைப்போல் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் வருகின்றன. வேண்டிய விசையில் பெரும்பங்கை டயர்களே தர வேண்டும். அதுவும் இரு முனைகளிலும் வெவ்வேறு அளவில்.

காரின் சுருள்வில், டயரின் காற்றழுத்தம் முதலியவற்றை ஓடும்போது மாற்ற முடியாது. அகன்ற முனைக்கு ஏற்ப அமைத்தால் குறுகிய முனையில் கார் சொன்னபடி கேட்காது. குறுகிய முனைக்கு அமைத்தால் மற்றதில் நேரம் போகும். சமச்சீரான பாதையில் இத்தொல்லை இல்லை. இங்கே ஏதேனும் ஒரு முனையை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை என்பதில்தான் ஓட்டுநரின் சாமர்த்தியம் இருக்கிறது. கணக்குச் சற்றே பிசகினாலும் கார் வெளிப்புறமாக விலகி, வலப்பக்கம் சுவரில் உரசி, சாயம் உரிந்து, நீண்ட கோடு ஒன்றைப் பெற்றுத் திரும்பும். பந்தயக்காரர்கள் அதற்கு 'டார்லிங்டன் பட்டை' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். வென்ற காரிலும் அதைக் காணலாம்.